புது ரவுட்டர் வாங்கியாச்சு, செட்டிங்ஸில் எதைத் தொடுவது, எதை விடுவது?

மாடிவீட்டுக்காரி

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் லேன் ஒன்றில் தொடர்மாடி வீடு, நாலாவது மாடி, மூன்று அறை. ஃபைபர் இணைப்பு, 100 எம்பிபிஎஸ் பாக்கேஜ். கம்பெனி தந்த பெட்டியின் வைஃபை பின்னறைக்குப் போய்ச் சேர்வதற்குள் களைத்துப் போகிறது என்பதால் போன சனிக்கிழமை புது ரவுட்டர் ஒன்று வாங்கி வந்தோம். பெட்டியில் ஏஎக்ஸ் 1500 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. இவர் அதைக் கொண்டுவந்து ஹோலில் டிவிக்குப் பின்னால், பழைய பெட்டியின் மேலேயே தூக்கி வைத்து, ஒரு கேபிளைக் குத்தி, "ஆ, வேலை செய்யுது" என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட் பார்க்கப் போய்விட்டார்.

வேலை செய்கிறதுதான். ஆனால் பின்னறையில் சிக்னல் ஒரு கோடு கூடுதலாகக் காட்டுகிறதே ஒழிய வேகம் அதே 11, 12தான். 1500 எங்கே போனது?

நேற்று இரவு எல்லோரும் படுத்த பிறகு நானே செட்டிங்ஸ் பக்கத்துக்குள் போய்ப் பார்த்தேன். சனல் ஓட்டோ, அகலம் 20, 40, 80, பாதுகாப்பு என்ற இடத்தில் ஐந்தாறு வகை, டபிள்யூபிஎஸ் ஓன், பெயரை மறைக்கவா, ஸ்மார்ட் கனெக்ட் வேண்டுமா, டிரான்ஸ்மிட் பவர் கூட்டவா குறைக்கவா என்று கேட்டுக்கொண்டே போகிறது, பிறகு பீக்கன், ஆர்டிஎஸ் என்று எனக்கு ஒன்றுமே விளங்காத ஒரு பக்கம் வேறு. பயத்தில் மூடிவிட்டேன்.

கடைக்காரர் எல்லாம் ஓட்டோவிலேயே விடச் சொன்னார். மகன் அகலத்தைக் கூட்டினால் வேகம் கூடும் என்கிறான். தெஹிவளையில் இருக்கிற என் அண்ணா பெயரை மறைத்து வை, இல்லாவிட்டால் பக்கத்து வீட்டார் எல்லாம் உன்னுடைய டேட்டாவில்தான் படம் பார்ப்பார்கள் என்கிறார். யாரை நம்புவது?

வீட்டு நிலவரம்: எனக்கு வீட்டிலிருந்து வேலை, பகல் முழுக்க மீட்டிங். மகன் ஏ/எல், ஸூம் வகுப்பு, அவனுடைய மேசைதான் அந்தப் பின்னறையில். மாமியிடம் ஒரு பழைய டேப்லெட், ஒவ்வொரு நாளும் இரவு 7 மணிக்கு டொரோண்டோவில் இருக்கும் மச்சாளோடு வீடியோ கோல். சரியாக நான் குசினியில் நிற்கிற நேரம்தான் மச்சாளின் முகம் உறைந்து போகும், மாமி என்னைப் பார்ப்பார், நானா கேபிளைப் பிடுங்கினேன்? இன்னும் ஒரு பிரிண்டர், வாசல் கமரா, டிவி. போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் எங்களுடையதைத் தவிர 31 பெயர் வருகிறது, எண்ணிப் பார்த்தேன்.

பக்கத்துலேன்

அந்த 31இல் ஒன்று என்னுடையதாக இருக்கும் அக்கா, மன்னிக்கவும்.

செட்டிங்ஸ் எல்லாம் அப்புறம். முதலில் ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுங்கோ. டிவியின் முதுகு முழுக்கத் தகடு, அதுக்குப் பின்னால் ரவுட்டரை வைப்பது குத்துவிளக்கை ஏற்றி அண்டாவால் மூடுகிற மாதிரி. இரும்பு அலுமாரி, பெரிய நிலைக்கண்ணாடி, மீன்தொட்டி, இதுகளுக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

வயர்காரன்

பதினைந்து வருடமாக ஒஃபீஸ்களுக்கு நெட்வேர்க் போடுகிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

1500 எங்கே போனது என்றால், அது வைஃபை பாவிக்கிற 2.4 ஜிகாஹேட்ஸ் பட்டையின் 300, 5 ஜிகாஹேட்ஸ் பட்டையின் 1201, இரண்டையும் கூட்டி விற்பனைக்காரர் போட்ட கணக்கு. ஒரு போன் ஒரு நேரத்தில் ஒரு பட்டையில்தான் இருக்கும், ஆகவே அந்தக் கூட்டுத்தொகை யாருக்கும் கிடைக்காது. அந்த 300 கூட சனல் அகலத்தை 40 மெகாஹேட்ஸில் வைத்து, சுற்றிவர ஒருத்தரும் இல்லாத காட்டுக்குள் இருந்தால்தான். 20இல் வைத்தால் காகிதக் கணக்கே 144, கையில் வருவது அதில் பாதி வந்தால் நல்லது. உங்களுடைய பாக்கேஜ் 100தானே, அதனால் இது பெரிய இழப்பில்லை.

முதல் பிரச்சினை செட்டிங்ஸ் இல்லை, ஒன்றுக்கு மேல் ஒன்றாக இருக்கிற இரண்டு பெட்டி. இரண்டும் வைஃபை விடுகிறது, ஒன்றுடைய சத்தத்தில் மற்றதுக்குக் காது கேட்காது. கம்பெனிப் பெட்டியின் வைஃபையை அதன் பக்கத்துக்குள் போய் அணைத்துவிடுங்கோ (பெட்டியையே அணைக்க வேண்டாம், ஃபைபர் அதற்குள்தான் வருகிறது). புதுசை அக்செஸ் பொயின்ட் மோடுக்கு (வைஃபையை மட்டும் பரப்புகிற மோடு) மாற்றுங்கோ. இல்லாவிட்டால் இரண்டுமே ரவுட்டர் வேலை பார்க்கும், வீட்டுக்குள் இரண்டு வலையமைப்பு உருவாகி ஒன்றில் இருக்கிற போனுக்கு மற்றதில் இருக்கிற பிரிண்டர் தெரியாமல் போகும். மோடை மாற்றிய பிறகு புதுசின் செட்டிங்ஸ் பக்க முகவரியும் மாறும், அதைக் கம்பெனிப் பெட்டியின் பட்டியலில் பார்க்கலாம். அப்புறம் ஒரு 10 மீட்டர் கேபிள் வாங்கி, சுவரோரமாக இழுத்து, புதுசை மட்டும் வீட்டின் நடுவுக்கு, நெஞ்சு உயரத்துக்கு மேலே கொண்டுபோங்கோ. இதில் கிடைக்கிற லாபம் மற்ற எல்லா செட்டிங்ஸையும் கூட்டினாலும் வராது.

இனி 2.4. மகனுக்குச் சொல்லுங்கோ, அகலத்தைக் கூட்டினால் வேகம் கூடும் என்பது தனிவீட்டில் சரி, 31 வைஃபை தெரிகிற தொடர்மாடியில் பிழை. இந்தப் பட்டையில் சனல்களுக்கு 1, 2, 3 என்று நம்பர் இருந்தாலும் ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 5 மெகாஹேட்ஸ்தான், ஒரு வைஃபைக்கு வேண்டியதோ 20. ஆகவே ஒன்றையொன்று இடிக்காமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 மூன்றே மூன்று. இதில் 40 வைக்கிறவர், காலி வீதியில் இரண்டு லேனையும் பிடித்துக்கொண்டு போகிற 100ஆம் நம்பர் பஸ் மாதிரி: தானும் வேகமாகப் போகமாட்டார், பின்னால் வருகிறவனையும் விடமாட்டார். 20 வைத்து, அதைப் பூட்டிவிடுங்கோ.

1, 6, 11இல் எது? போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்று போட்டு, ரவுட்டர் நிற்கிற இடத்தில் அல்ல, நீங்கள் பாவிக்கிற இடத்தில், மகனின் மேசையிலும் மாமியின் கட்டிலிலும் நின்று பாருங்கோ. எத்தனை பேர் என்பதைவிட எவ்வளவு பலம் என்பதுதான் முக்கியம் (மைனஸுக்குப் பின்னால் எண் சின்னதாக இருந்தால் பலம் கூட). மைனஸ் 45 காட்டுகிற ஒரு பக்கத்து வீடு, மைனஸ் 88 காட்டுகிற பத்து வீட்டைவிட மோசம். 3, 4, 8 என்று இடையில் இருக்கிறதுகளைக் காலியாக இருக்கிறதே என்று எடுக்க வேண்டாம். ஒரே சனலில் இருக்கிற இரண்டு ரவுட்டர் ஒருவர் கதைத்து முடியும்வரை மற்றவர் பொறுப்பார் என்ற ஒழுங்கிலாவது இருக்கும். அரைகுறையாக இடித்துக்கொள்கிற சனல்களுக்கு அந்த மரியாதையும் கிடையாது, மற்றவர் பேச்சு வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும்.

ஓட்டோவில் விட்டால் என்ன என்றால், மலிவு ரவுட்டர்கள் பல ஓன் செய்கிற நேரம் ஒருமுறை பார்த்துச் சனலைப் பிடித்துவிட்டு அப்புறம் திரும்பிப் பார்ப்பதே இல்லை. விடியற்காலை கரண்ட் போய் வந்தால் ஊர் தூங்குகிற நேரத்துக் காற்றைப் பார்த்து முடிவெடுக்கும்.

5 பட்டையில் நிலைமை வேறு, இடம் தாராளம், சுவர்தான் எதிரி. அகலம் 80 வையுங்கோ. சனல் 36 அல்லது 149. 52இலிருந்து 144 வரை டிஎஃப்எஸ் சனல்கள், ராடாரோடு பங்கிடுகிறவை. அதில் வைத்தால் ஓன் ஆனதும் ஒரு நிமிடமாவது காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வைஃபை வெளியே வரும், நடுவில் ராடார் மாதிரி ஏதாவது கேட்டால் உடனே சனலை விட்டு ஓட வேண்டும், நீங்கள் மீட்டிங்கில் இருப்பீர்கள். ஆள் குறைவு என்று சிலர் அதைத் தேடிப் போவார்கள், உங்களைப் போல பகல் முழுக்க மீட்டிங் உள்ளவருக்கு நான் சொல்லமாட்டேன்.

பாதுகாப்பு, அதாவது வைஃபையின் பூட்டு வகை: டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலப்பு. ஏதாவது சாமான் அடம்பிடித்தால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் மட்டும். டிகேஐபி என்ற பழைய முறையை எங்கே கண்டாலும் வேண்டாம், டபிள்யூஇபி 2001இலேயே உடைக்கப்பட்ட பூட்டு. டபிள்யூபிஎஸ்ஸை (பாஸ்வேர்ட் அடிக்காமல் பட்டனாலோ நம்பராலோ இணைக்கிற வசதி) அணையுங்கோ. அதன் பின் (PIN) நம்பர் எட்டு இலக்கம், கேட்கப் பாரமாக இருக்கும், ஆனால் ரவுட்டர் அதை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு இலக்கம், ஆகவே 10,000த்தோடு 1,000 கூட்டி 11,000 தடவை முயன்றால் போதும். இது 2011 கடைசியிலேயே வெளியே வந்த விஷயம், இன்னும் ஓன் செய்துதான் விற்கிறார்கள். வைஃபை பாஸ்வேர்ட் 8 எழுத்திலிருந்து 63 வரை வைக்கலாம், தொடர்பில்லாத நாலைந்து சொல்லை ஒட்டி எழுதினால் மாமிக்கும் ஞாபகம் நிற்கும். செட்டிங்ஸ் பக்கத்தின் பாஸ்வேர்ட் வேறு, அதையும் மாற்றுங்கோ.

பெயரில் ஒரு சின்னத் தந்திரம். 2.4க்குப் பழைய பெட்டியில் இருந்த அதே பெயரும் அதே பாஸ்வேர்டும் கொடுங்கோ, எழுத்துப் பிசகாமல். கமராவும் பிரிண்டரும் பெட்டி மாறியதே தெரியாமல் வந்து ஒட்டிக்கொள்ளும், ஏணி வைத்து ஏற வேண்டிய வேலை மிச்சம். (பழைய பாஸ்வேர்ட் ஊருக்கெல்லாம் தெரியுமென்றால் இந்தத் தந்திரம் வேண்டாம்.) 5க்கு வேறு பெயர் வைத்து லப்டொப், மகன், டிவி மூன்றையும் அதில் போடுங்கோ. ஸ்மார்ட் கனெக்ட் என்பது இரண்டையும் ஒரே பெயரில் வைத்து யார் எதில் என்று ரவுட்டரே தீர்மானிப்பது. நல்ல ரவுட்டரில் நல்லது, இந்த விலை ரவுட்டரில் அது எடுக்கிற தீர்மானங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

பீக்கன், ஆர்டிஎஸ் பக்கத்தைத் தொடவே வேண்டாம்.

தெமட்டகொடைநானா

வயர்காரன் சொன்னது எல்லாம் சரி, பெயர் விஷயத்தில் மட்டும் நான் உங்கள் அண்ணா பக்கம். நாங்கள் மூன்று வருடமாகப் பெயரை மறைத்து, எம்ஏசி (ஒவ்வொரு சாமானுக்கும் உள்ள அடையாள நம்பர்) ஃபில்டரும் போட்டு வைத்திருக்கிறோம். வீட்டு போன் ஒவ்வொன்றின் நம்பரையும் பதிந்தால்தான் உள்ளே விடும். ஒரு பிரச்சினையும் இல்லை. இடைக்கிடை மகளுடைய போன் மட்டும் தானாகக் கழன்றுவிடும், திரும்பப் பதிந்தால் சரி.

வயர்காரன்

நானா, அந்த "இடைக்கிடை கழன்றுவிடும்" என்கிறதில்தான் விஷயம் இருக்கிறது. அண்ட்ரொய்ட் 10, ஐஓஎஸ் 14 வந்த காலத்திலிருந்து போன்கள் தங்களுடைய உண்மையான எம்ஏசி நம்பரைக் காட்டுவதில்லை, பொய்யாக ஒன்றைச் செய்து காட்டும். நெட்வேர்க்கை மறந்துவிட்டுத் திரும்பச் சேர்த்தாலோ போனை ரீசெட் செய்தாலோ நம்பர் மாறலாம். மகளைத்தான் நீங்கள் வெளியே பூட்டுகிறீர்கள். கள்ளன் என்றால், உள்ளே இருக்கிற போனின் நம்பரைக் காற்றிலேயே வாசித்து அதையே தனக்கு வைத்துக்கொண்டு வருவான், அது இரகசியமே இல்லை.

பெயரை மறைப்பதும் அப்படித்தான். ரவுட்டர் பெயரைச் சொல்லாது, ஆனால் போன் இணைகிற நேரம் சொல்லத்தானே வேண்டும். இன்னொன்று, மறைத்த பெயரைச் சேமித்து வைத்த போன் வெளியே போகிற இடத்திலும் "அந்த ஆள் இங்கே இருக்கிறாரா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடும். வீட்டில் மறைத்த பெயரைப் புறக்கோட்டையில் போய்ச் சத்தமாகச் சொல்கிற கதை.

பழைய_அன்டெனா

ஓய்வு பெற்ற ரேடியோக்காரன் நான். ராடார் என்றதும் ஒரு விஷயம், கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்கள் பலர் துறைமுகத்துக்கு வருகிற கப்பல் ராடார்தான் டிஎஃப்எஸ் சனலைக் குழப்புகிறது என்பார்கள். அது பிழை. கப்பல் ராடார்கள் வழக்கமாக 3, 9 ஜிகாஹேட்ஸ் பக்கம் இருப்பவை. 5 ஜிகாஹேட்ஸ் வைஃபை பயந்து ஒதுங்க வேண்டியது முக்கியமாக மழை பார்க்கிற வானிலை ராடாருக்கு, அது 5.6 பக்கம். கப்பலைக் குற்றம் சொல்லாதீர்கள்.

தங்கச்சி, உங்கள் கேள்வியில் எல்லோரும் விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது. மாமியின் கோல் உறைகிற நேரம் நீங்கள் குசினியில் நிற்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். குசினியில் மைக்ரோவேவ் இருக்கிறதா? ஹோலுக்கும் மாமியின் அறைக்கும் நடுவிலா குசினி?

மாடிவீட்டுக்காரி

ஐயா!! ஓம், நடுவில்தான். 7 மணிக்கு மத்தியானக் கறியைச் சூடாக்குவேன், இடியப்பத்தையும் அதில்தான் வைப்பேன். ஒரு நாளும் இதை யோசிக்கவில்லை.

பழைய_அன்டெனா

அதுதான். மைக்ரோவேவ் வேலை செய்வது 2.45 ஜிகாஹேட்ஸில். உங்கள் சனல் 6 இருப்பது 2.437, சனல் 11 இருப்பது 2.462. அடுப்பு சரியாக இரண்டுக்கும் நடுவில் குந்தியிருக்கிறது. கதவு எவ்வளவு இறுக்கமாக மூடினாலும் மிகச் சிறிய அளவு கசியும், மனிதருக்கு அது பொருட்டே இல்லை, ஆனால் உள்ளே இருப்பது நூற்றுக்கணக்கான வாட், வைஃபை பேசுவதோ ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அளவில். சனல் 1 இருப்பது 2.412, மூன்றிலும் அடுப்புக்கு ஆகத் தூரம் அதுதான். மாமியின் டேப்லெட் 5ஐப் பிடிக்குமென்றால் பிரச்சினையே இல்லை, பழசு என்கிறபடியால் பிடிக்காது என்று நினைக்கிறேன். 2.4ஐச் சனல் 1க்கு மாற்றிப் பாருங்கள்.

பரீட்சித்துப் பார்ப்பது லேசு: ஒரு கோப்பை தண்ணீரை வைத்து இரண்டு நிமிடம் ஓட விடுங்கள், மாமி அந்த நேரம் கோலில் இருக்கட்டும். வெறுமையாக ஓட விடாதீர்கள், அடுப்பு பழுதாகும்.

மாடிவீட்டுக்காரி

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை. நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன், வேறு யாருக்கும் உதவும்.

அக்செஸ் பொயின்ட் மோடுக்கு மாற்றியதும் செட்டிங்ஸ் பக்கம் காணாமல் போய்விட்டது. பழைய முகவரியையே பத்துத் தடவை அடித்துக்கொண்டிருந்தேன், அழுகை வராத குறை. பிறகுதான் வயர்காரன் எழுதியதைத் திரும்ப வாசித்தேன், முகவரி மாறும் என்று முதலிலேயே சொல்லியிருக்கிறார். கம்பெனிப் பெட்டியின் பட்டியலில் 192.168.1.14 என்று அமைதியாக இருந்தது.

கேபிளை மகன் சுவரோரமாக இழுத்துக் கொடுத்தான். ரவுட்டர் இப்போது நடைபாதையில், சாமிப்படத் தட்டில், பிள்ளையாருக்கு வலப்பக்கம். பச்சை விளக்கு மினுங்குவதால் மாமிக்கு ஆட்சேபணை இல்லை. சாம்பிராணி போடுகிற நேரம் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

5இல் முதலில் 149 வைத்தேன். போன்களுக்கு எல்லாம் தெரிகிறது, டிவிக்கு மட்டும் அப்படி ஒரு பெயரே இல்லை. 36க்கு மாற்றினேன், அடுத்த நிமிடம் டிவியில் வந்தது. ஏன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

பெயர் வைக்கிறதில் ஆசைப்பட்டு மாட்டினேன். 5க்குத் தமிழிலேயே "வெள்ளவத்தை வீடு" என்று வைக்கப் பார்த்தால் நீளம் கூடிவிட்டது என்கிறது. பதின்மூன்று எழுத்துக்கூட இல்லையே என்று எனக்குக் கோபம். "வெள்ளவத்தை" மட்டும் என்றால் ஏற்றுக்கொண்டது.

பிரிண்டர் மட்டும் இன்னும் வரவில்லை. பெயர் அதே, பாஸ்வேர்ட் அதே, மூன்று தடவை சரிபார்த்துவிட்டேன்.

வயர்காரன்

பிரிண்டருக்கு: 2.4இன் பாதுகாப்பை டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் மட்டும் என்று இறக்குங்கோ, 5ஐக் கலப்பிலேயே விடுங்கோ. டபிள்யூபிஏ3 வந்தது 2018இல், அதற்கு முந்திய பிரிண்டர்கள் சிலவற்றுக்குக் கலப்பு என்ற அறிவிப்பைக் கண்டாலே தலை சுற்றும். பிஎம்எஃப் என்று ஒன்று இருந்தால் அதைக் கட்டாயம் என்று வைக்காமல் விருப்பம் என்று வையுங்கோ. பிரிண்டரை ஒருமுறை ஓஃப் செய்து ஓன் செய்யுங்கோ.

டிவிக்கு: சில சாமான்கள் எந்த நாட்டுக்கென்று செய்யப்பட்டதோ அந்த நாட்டு விதியை உள்ளே வைத்துக்கொண்டு வரும், மேலே இருக்கிற சனல்களைத் தேடிப் பார்ப்பதே இல்லை. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்த டிவியா? எப்படியோ 36 பொதுவாக எல்லாருக்கும் தெரிகிற சனல், அதிலேயே இருங்கோ. 2.4இல் 12, 13ஐயும் இதே காரணத்துக்காகத் தொட வேண்டாம், அமெரிக்காவுக்குச் செய்த லப்டொப் 11க்கு மேலே ஏறாது.

தமிழ்ப் பெயருக்கு: அளவு 32, ஆனால் அது எழுத்துக் கணக்கு இல்லை, பைட் கணக்கு. இங்கிலீஷ் எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் கம்பியூட்டர் எண்ணுகிற ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று பைட், புள்ளியும் கொம்பும் தனித்தனித் துண்டு. "வெள்ளவத்தை" பத்துத் துண்டு, 30 பைட், மயிரிழையில் தப்பியது. இடைவெளியும் "வீடு"ம் சேர்ந்தால் 43. 2.4க்குத் தமிழில் வைக்காதது புத்தி, பழைய பிரிண்டரின் திரையில் வெறும் சதுரம் சதுரமாகத்தான் வந்திருக்கும்.

பக்கத்துலேன்

கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் அக்கா? 2022இல் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்த காலத்தில் நான் ரவுட்டருக்கு ஒரு குட்டி 12 வோல்ட் யூபிஎஸ் வாங்கினேன், இன்றைக்கும் அது ஓடுகிறது. உங்களுக்கு இனி இரண்டு பெட்டிக்கும் கரண்ட் வேண்டும், பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருக்கிறதுக்கு மட்டும் கொடுத்துவிட்டு ஃபைபர் பெட்டியை மறந்துவிடாதீர்கள். வாங்குகிற முன்னர் இரண்டு அடப்டரிலும் எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் என்று எழுதியிருப்பதைப் படம் எடுத்துக்கொண்டு போங்கோ.

தெமட்டகொடைநானா

எம்ஏசி ஃபில்டரை நேற்று எடுத்துவிட்டேன். மகள் பாட்டுக்கு இருக்கிறாள். பெயரை மறைக்கிறதை மட்டும் எடுக்க மனம் வரவில்லை, யோசிக்கிறேன்.

வயர்காரன், ஒன்று கேட்க வேண்டும். உம்மா 5ஜி என்று பெயர் வைத்ததைக் கண்டு அந்தக் கதிர் வீட்டுக்குள் வேண்டாம் என்கிறார், டவரில் வருகிற 5ஜியும் இதுவும் ஒன்றா?

வயர்காரன்

இல்லை நானா. டவர் 5ஜி ஐந்தாம் தலைமுறை, இது 5 ஜிகாஹேட்ஸ் என்ற அலைவரிசை, இரண்டுக்கும் எழுத்து மட்டும் ஒன்று. பெயரிலிருந்து 5ஜியை எடுத்துவிட்டு வேறு ஏதாவது வையுங்கோ, விளக்குவதைவிட அது சுகம்.

டிரான்ஸ்மிட் பவரைப் பற்றி முதலில் எழுத மறந்துவிட்டேன். 5ஐ முழுப் பலத்தில் விடுங்கோ. 2.4ஐ நடுத்தரத்துக்குக் குறைத்துப் பார்க்கலாம், ரவுட்டர் இப்போது வீட்டின் நடுவில்தானே. ரவுட்டர் கத்தினால் போனுக்குக் கோடு நிறையத் தெரியும், ஆனால் போனுடைய சின்னக் குரல் திரும்பி ரவுட்டருக்குக் கேட்க வேண்டுமே. கோடு நிறைய, வேகம் இல்லை என்று நீங்கள் முதலில் எழுதியதில் இதுவும் ஒரு பங்கு. கமரா வாசலில் இருக்கிறபடியால் குறைத்த பிறகு அதை ஒருமுறை பாருங்கோ.

மாடிவீட்டுக்காரி

பிரிண்டர் வந்துவிட்டது! டபிள்யூபிஏ2க்கு இறக்கிய உடனே. டிவி, ஓம், வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் வந்தபோது கொண்டுவந்து தந்தது.

மகனின் மேசையில் இப்போது 5இல் 70க்கும் 85க்கும் இடையில் காட்டுகிறது, கதவைச் சாத்தினால் 60. அனலைசரில் பார்த்தேன், என் கூடத்தில் சனல் 6இல் ஒரு ஆள் மைனஸ் 48, 40 அகலத்தில் விரித்து வைத்திருக்கிறார், 11 பக்கம் ஐந்தாறு பேர், 1இல் மூன்று பேர் தூரத்தில். மைக்ரோவேவ் காரணமும் சேர்ந்ததால் 1 என்று பூட்டிவிட்டேன். பவரை நடுத்தரத்துக்குக் குறைத்ததும் கமரா விட்டுவிட்டு வந்தது, ஆகவே திரும்பக் கூட்டிவிட்டேன்.

நேற்று 7 மணிக்குப் பரீட்சை. மாமி கோலில், நான் ஒரு கோப்பை தண்ணீரை வைத்து இரண்டு நிமிடம். படம் ஒருமுறை லேசாகத் தடக்கியது, உறையவில்லை. பழையபடி 6இல் வைத்து அதே கோப்பை: பத்து விநாடியில் மச்சாள் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டா. மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன், ரவுட்டரும் இல்லை, நானும் இல்லை, அடுப்புத்தான் என்று. இரண்டு விநாடி யோசித்துவிட்டு, "அப்ப இடியப்பத்தை நீத்துப்பெட்டியில் வையன் பிள்ளை, அதுதானே ருசி" என்கிறார்.

பக்கத்துலேன்

அக்கா, சனல் 6, 40 அகலம், மைனஸ் 48... பெயர் "ஆர்" என்கிற இங்கிலீஷ் எழுத்தில் தொடங்கி 7இல் முடிகிறதா?

மாடிவீட்டுக்காரி

ஓம்...

பக்கத்துலேன்

20க்கு இறக்கியாச்சு. அப்போ லேன் பக்கத்து லேன் இல்லை, மதில் ஒன்றுதான் நடுவில். மாமிக்குச் சொல்லுங்கோ, முருங்கைக்காய் பறிக்கிற நேரம் தடியால் எங்கள் டிஷ்ஷைத் தட்டுவது யார் என்று எனக்கும் இப்போதுதான் விளங்கியது.